பழைய ஆண்ட்ராய்டு போனை பைக்கில் வழி பார்க்க வைக்கலாமா? வால்பாறை ஏற்றத்தில் ‘ஜிபிஎஸ் தேடுகிறது’ என்றே நிற்கிறது

தாராபுரத்தான்:

வணக்கம் நண்பர்களே. 2015-ல் வாங்கிய ஆண்ட்ராய்டு போன் ஒன்று டிராயரில் சும்மா கிடக்கிறது. ஆண்ட்ராய்டு 5.1, ராம் 1 ஜிபி. மெமரி 8 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அதில் பாதியை சிஸ்டமே தின்றுவிட்டது. சிம் போடவில்லை. இதை பைக் ஹேண்டில்பாரில் மாட்டி வழி பார்க்க வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை. புதுப் போனை மாட்ட மனம் வரவில்லை. பெரிய இஞ்சின் பைக்கின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் அறிவிப்பு போட்டிருந்தது, என்னுடையது வேறு கம்பெனி போன்தான், ஆனால் கேமராவுக்குள் இருக்கும் சமாச்சாரம் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதானே. இன்னும் ஏழு மாத இஎம்ஐ பாக்கி இருக்கிறது, ரிஸ்க் எடுக்க முடியாது.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். வீட்டு மொட்டை மாடியில் வைஃபையோடு சோதித்தபோது அரை நிமிடத்தில் நீலப் புள்ளி வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் போன ஞாயிறு வால்பாறை கிளம்பினேன். பொள்ளாச்சி வரை வழி தெரியும் என்பதால் போனை அணைத்துப் பையில் வைத்திருந்தேன், ஆழியார் செக்போஸ்டில்தான் ஆன் செய்து மாட்டினேன். முதல் கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது, மூன்றாவது... ம்ஹூம், ‘ஜிபிஎஸ் தேடுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் அணையைப் பார்க்க நிறுத்தினேன், நிறுத்திய ஓரிரு நிமிடத்தில் புள்ளி வந்துவிட்டது. வந்ததே என்று சந்தோஷமாகக் கிளம்பினால் அட்டகட்டி தாண்டி மரங்கள் அடர்ந்ததும் மறுபடி போய்விட்டது. அதற்கப்புறம் விட்டு விட்டுத்தான் வந்தது.

சிம் இல்லாத போனில் ஜிபிஎஸ் சரியாக வராது என்கிறான் நண்பன். உண்மையா? அடுத்த மாதம் வால்பாறையிலிருந்து மளக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி வழியாக சாலக்குடி போகத் திட்டம். அந்தக் காட்டில் எந்த சிம்முக்கும் டவர் இருக்காது என்கிறார்கள். கூகுள் மேப்ஸ் வேறு இந்த 1 ஜிபி ராமில் திறக்கவே மூச்சு வாங்குகிறது. இதை வைத்து ஒப்பேற்ற முடியுமா, இல்லை பழைய இரும்புக்கடைதானா?

உக்கடம் சர்வீஸ்:

தம்பி, பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், கவனிக்கவில்லை. ஓடும்போது வரவில்லை, நிறுத்தியதும் வந்தது. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதலில் அந்த நண்பருக்கு: ஜிபிஎஸ்ஸுக்கு சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். 20,000 கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் தம்பாட்டுக்கு ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன, போன் ரேடியோப் பெட்டி மாதிரி கேட்கிறது, அவ்வளவுதான். நாலு கோளாவது காதில் விழுந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கோளும் ‘நான் இந்த நேரத்தில் சரியாக இந்த இடத்தில் இருக்கிறேன்’ என்ற தன் ஜாதகத்தையும் சொன்னால்தான் கணக்குப் போட முடியும். அந்த ஜாதகம் வருகிற வேகம் வினாடிக்கு 50 பிட். பழைய டயல்-அப் மோடமே வினாடிக்கு 56,000 பிட் என்று ஓடியது, ஒப்பிட்டுப் பாருங்கள். 30 வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகும், அதில் முக்கியமான பகுதி மட்டுமே 18 வினாடி. நடுவில் ஒரு பாறையோ மரமோ மறைத்து விட்டுப்போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இப்படி நாலு கோளிடமும் வாங்கியாக வேண்டும். ஒருபக்கம் மலைச்சுவர், மறுபக்கம் மரம், வளைவுக்கு வளைவு வானம் மாறுகிறது, நீங்கள் வேறு ஓடிக்கொண்டே இருக்கிறீர்கள். பாவம் அது எப்படி எழுதி முடிக்கும்?

வீட்டில் அரை நிமிடத்தில் வந்தது வைஃபை புண்ணியம். நெட் இருந்தால் போன் அந்த ஜாதகத்தை மொத்தமாக இறக்கிக்கொள்ளும், ஏ-ஜிபிஎஸ் என்று சொல்வது அதைத்தான். கையில் புதுப் போன் இருக்கிறதல்லவா, மலை ஏறும் முன் ஆழியாரில் அணைக்கரையோரம் திறந்த வெளியில் நிறுத்தி, அதிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து, பழைய போனில் மேப்பைத் திறந்து புள்ளி வந்து நிலைக்கும் வரை அசையாமல் நில்லுங்கள். அப்புறம் அணைக்காதீர்கள். ஒருமுறை வாங்கிய ஜாதகம் ஏறத்தாழ நாலு மணி நேரம் செல்லும், டீக்கடையில் அரை மணி நின்றாலும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஹாட்ஸ்பாட் இல்லையென்றாலும் ஒன்றும் குடி முழுகாது, கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, செட்டிங்ஸில் இருப்பிடம் என்ற இடத்தில் மூன்று வகை இருக்கும் அந்தக்கால ஆண்ட்ராய்டில். ‘பேட்டரி சேமிப்பு’ என்பதில் இருந்தால் ஜிபிஎஸ்ஸையே தொடாது, டவரையும் வைஃபையையும் வைத்து ஊகிக்கும், காட்டில் அது சுத்தமாக உதவாது. ‘உயர் துல்லியம்’ அல்லது ‘சாதனம் மட்டும்’ என்று வையுங்கள். தேதி நேரமும் சரியாக இருக்கிறதா பாருங்கள். சிம் இல்லாமல் சார்ஜ் இறங்கிக் கிடந்த போன் பல வருஷம் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் பாதிதான். புள்ளி வந்த பிறகும் மரத்தடியில் திரும்பத் திரும்ப விட்டுப்போகிறது என்கிறீர்களே, அது எனக்கு இடிக்கிறது. 2015 போன் என்றால் பேக் கவர் கழற்றுகிற மாடலாகத்தான் இருக்கும். பல மாடல்களில் ஜிபிஎஸ் ஆன்டெனா அந்த பின்பக்க பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும், போர்டில் இருக்கும் சின்ன ஸ்பிரிங் பின்கள் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பின் கறுத்துப்போனாலோ மடங்கிப்போனாலோ சிக்னல் பாதியாகிவிடும். கழற்றிப் பார்த்து, பேட்டரியை எடுத்துவிட்டு, அந்தப் பின்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். கவர் சரியாக உட்காரவில்லை, ஓரத்தில் சந்து தெரிகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். உப்பின பேட்டரி கவரைத் தள்ளும், ஆன்டெனா தொடர்பு விடும், ஜிபிஎஸ் போகும். கடைக்கு இந்த மாதிரி நிறைய வந்திருக்கிறது, எல்லாரும் சாஃப்ட்வேர் கோளாறு என்று நாலு தடவை ரீசெட் அடித்துவிட்டுத்தான் வருவார்கள். உப்பிய பேட்டரியோடு வெயிலில் சார்ஜ் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், தொடைக்கு நேராக வைத்துக்கொண்டு போகிற சாமான் இல்லை அது.

மாமாவின் மஞ்சள் வண்டி:

நாங்கள் எல்லாம் 1980-களில் அதே வால்பாறைக்கு லாரி ஓட்டினோம். ஜிபிஎஸ்ஸும் இல்லை, ஜாதகமும் இல்லை. அந்த 40 கொண்டை ஊசி வளைவில் வேறு எங்கே திரும்பிவிடப் போகிறீர்கள்? இடதுபக்கம் மலை, வலதுபக்கம் பள்ளம். வால்பாறையில் இறங்கி எந்தக் கடையில் கேட்டாலும் மளக்கப்பாறைக்கு வழி சொல்வார்கள். அப்புறம் இந்த ஜிபிஎஸ்ஸைப் போட்டால் மேலே இருக்கிற அமெரிக்காக்காரனுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும் என்று என் மருமகன் சொல்கிறான், அதையும் யோசியுங்கள்.

வரைபடப்பித்தன்:

மாமா, 40 வளைவு விஷயத்தில் உங்கள் கட்சி. ஏறும்போது வழி தவற வாய்ப்பே இல்லை. சொல்லப்போனால் அங்கேதான் மேப் அதிகமாக உளறும், மேல் ரோடும் கீழ் ரோடும் சில மீட்டர் தள்ளித்தான் இருக்கும், ஜிபிஎஸ் பத்துப் பதினைந்து மீட்டர் பிசகினாலே பன்னிரண்டாவது வளைவில் இருப்பவனைப் பதினொன்றில் காட்டும். பார்த்துவிட்டு பதறாமல் ஓட்டினால் போதும். மருமகன் சொன்னது மட்டும் தவறு. நம் போன் மேலே எதையும் அனுப்புவதில்லை, கோள்களுக்கு நாம் இருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. நாம் இருக்கும் இடத்தை வெளியே சொல்வது நெட் வழியாக நம்முடைய ஆப்கள்தான், சிம் இல்லாத போனில் அந்தப் பயமும் குறைவு.

தாராபுரத்தாருக்கு: கூகுளை விடுங்கள். அது நல்ல மேப்தான், நெட் இருந்தால் அதற்கு ஈடு இல்லை, ஆனால் 1 ஜிபி ராமில் அது யானையைச் சைக்கிளில் ஏற்றுகிற கதை. ஆஃப்லைனில் காருக்கான வழி மட்டும்தான் தரும், நடைபாதை, டிராஃபிக், மாற்று வழி எதுவும் கிடைக்காது, இறக்கிய பகுதியை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் காலாவதியும் ஆகிவிடும். ஆர்கானிக் மேப்ஸ் போடுங்கள். ஆண்ட்ராய்டு 5-லும் ஓடும், விளம்பரம் கிடையாது, லாகின் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் தரவை வைத்து முழுக்க ஆஃப்லைனில் வழி போடும். 2021-ல் மேப்ஸ்.மீ என்ற ஆப்பிலிருந்து பிரிந்து வந்தது, அதன் பழைய ஆட்கள் சிலரே செய்தார்கள். ஆஸ்மாண்ட் என்ற ஆப் இன்னும் நிறையச் செய்யும், மலையின் உயரத்தைச் சொல்லும் கான்டூர் கோடெல்லாம் காட்டும், ஆனால் உங்கள் போனுக்கு அது கனம். நானே என் பழைய டேப்லெட்டில் போட்டு, அது படம் வரைந்து முடிப்பதற்குள் திருப்பத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஒரு பொறி இருக்கிறது, அதில் பலர் விழுவார்கள். ஆர்கானிக் மேப்ஸில் இந்தியா மாநிலம் மாநிலமாகத்தான் இறங்கும். தமிழ்நாடு மட்டும் இறக்கிக்கொண்டு போனீர்களென்றால் மளக்கப்பாறை எல்லையில் ரோடு வெறும் கோடாகி நின்றுவிடும், அங்கே போய் இறக்கலாம் என்றால் டவர் இருக்காது. வீட்டிலேயே கேரளாவையும் இறக்கிவிடுங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு ஏரோபிளேன் மோடில் வால்பாறையிலிருந்து சாலக்குடிக்கு வழி கேட்டுப் பாருங்கள், முழுதாக வந்தால்தான் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

வால்பாறை சுற்றி எஸ்டேட் ரோடுகள் கவனம். தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் தனியார் ரோடுகளை யாராவது வரைபடத்தில் வரைந்திருப்பார்கள், ஆனால் ‘தனியார்’ என்று குறித்திருக்க மாட்டார்கள். ஆப்புக்கு அது பொதுச் சாலை, குறுக்குவழி என்று உள்ளே விடும். வாழச்சால் பக்கம் காட்டு செக்போஸ்டுகள் மாலைக்குப் பிறகு விட மாட்டார்கள், எந்த மேப்பும் அதைச் சொல்லாது, கிளம்பும் முன் விசாரித்துக்கொண்டு காலையிலேயே நுழைந்துவிடுங்கள்.

மழைக்காலம்:

ஆண்ட்ராய்டுக்காரர்களே பேசுகிறீர்களே, நானும் ஒரு பழைய கதையோடு வருகிறேன். என் தம்பியின் ஐபோன் 5 வீட்டில் கிடந்தது, ஸ்கூட்டிக்கு வைத்துக்கொள்ளலாமே என்று எடுத்தேன். கிடப்பில் போட்ட வருடங்களில் அப்டேட்டே செய்யவில்லை. ஆன் செய்தால் இருப்பிடமே தப்பு, மெயிலும் வரவில்லை. கெட்டுவிட்டது என்று நினைத்தேன், தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. ஜிபிஎஸ் கோள்கள் வாரத்தை ஒரு எண்ணாகச் சொல்கின்றன, அந்த எண்ணுக்கு இடம் 10 பிட்தான், 1024 வாரம் ஆனால் மறுபடி பூஜ்ஜியம். ஸ்கூட்டர் கிலோமீட்டர் மீட்டர் 99999 தாண்டி முதலிலிருந்து ஓடுகிற மாதிரி. கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று அப்படிச் சுற்றியது, அதற்கு முன் 1999 ஆகஸ்டில். ஐபோன் 5-க்கு அதே சிக்கல் 2019 நவம்பர் 3 அன்று வரும், அதற்குள் ஐஓஎஸ் 10.3.4 போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆப்பிள் முன்பே சொல்லியிருந்தது. தேதி தாண்டியதால் போனிலேயே அப்டேட் செய்ய முடியவில்லை, லேப்டாப்பில் ஐடியூன்ஸ் வழியாகத்தான் போட வேண்டியிருந்தது. போட்டதும் சரியாகிவிட்டது. டிராயரில் இருந்து எடுக்கும் பழைய போன் எதுவானாலும் கடைசி அப்டேட் வரைக்கும் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு கேள்வியும் உண்டு. வீட்டில் வைஃபை மட்டும் உள்ள ஐபேட் ஒன்று இருக்கிறது, அதைக் காரில் வைத்தால் பெரிதாகத் தெரியுமே?

உக்கடம் சர்வீஸ்:

தங்கச்சி, வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. சிம் போடுகிற மாடலில்தான் உண்டு. வீட்டில் சரியாகக் காட்டுவது சுற்றியுள்ள வைஃபைகளை வைத்து. ஹைவேயில் கையை விரித்துவிடும்.

கோள்பார்வை:

ஜிபிஎஸ் மாதிரியே நம் நாட்டுக்கென்று நாவிக் இருக்கிறதே, அதைப் பழைய போனில் அப்டேட் போட்டு வரவைக்க முடியாதா?

வரைபடப்பித்தன்:

முடியாது. அது ஹார்டுவேர் சமாச்சாரம். முதலில் விட்ட நாவிக் கோள்கள் எல்5, எஸ் என்ற அலைவரிசைகளில் பேசின, 2015 போன் கேட்பது எல்1 மட்டும், அதாவது 1575.42 மெகாஹெர்ட்ஸ். 2023 மே 29-ல் ஏவிய என்விஎஸ்-01தான் எல்1-லும் பேசும் முதல் நாவிக் கோள், ஆனால் பழைய சிப்புக்கு அந்தப் பாஷையே தெரியாது. கவலைப்பட வேண்டாம், அந்தக் காலப் போன்களில் பலவற்றில் ரஷ்யாவின் குளோனாஸ் உண்டு, ஜிபிஎஸ்ஸோடு அதுவும் சேர்ந்தால் காட்டிலும் ஓரளவு தாங்கும். ஜிபிஎஸ் டெஸ்ட் மாதிரி ஒரு ஆப் போட்டுப் பாருங்கள், எத்தனை கோள் தெரிகிறது, ஒவ்வொன்றின் பலம் என்ன என்று கம்பி கம்பியாகக் காட்டும். திறந்த வெளியில் 30-க்கு மேல் நாலைந்து கம்பி நின்றால் ஆன்டெனா நலம். வானம் பார்த்து நின்றும் எல்லாமே 20-க்குக் கீழே என்றால் உக்கடம் அண்ணா சொன்ன ஸ்பிரிங் பின் விவகாரம்தான்.

தாராபுரத்தான்:

எல்லாருக்கும் நன்றி, போய்விட்டு வந்து எழுதுகிறேன், அதனால்தான் தாமதம்.

உக்கடம் அண்ணா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பேக் கவரைக் கழற்றினால் பேட்டரி இட்லி மாதிரி உப்பியிருந்தது, மேசையில் வைத்தால் பம்பரம் சுற்றுகிறது. இத்தனை நாள் கவர் தளர்ந்துவிட்டது என்று ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 450 ரூபாய்க்குப் புது பேட்டரி, பின்களை ரப்பரால் தேய்த்தேன். ஜிபிஎஸ் டெஸ்ட்டில் முன்பு 18, 20 என்று படுத்திருந்த கம்பிகள் 35-க்கு எழுந்துவிட்டன.

ஆழியாரில் ஹாட்ஸ்பாட் கொடுத்து நின்றேன், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 40 வளைவும் புள்ளி விடாமல் வந்தது, இரண்டு தடவை மேல் ரோட்டுக்குத் தாவியது, மாமாவை நினைத்துக்கொண்டு சிரித்தேன். கேரளா மேப்பை இறக்கி வைத்திருந்ததால் மளக்கப்பாறை தாண்டியும் வழி தெரிந்தது, அதுவும் புதுப் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாத இடத்தில். வாழச்சாலுக்கு முன் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கு ஜிபிஎஸ் அசரவில்லை, ஆனால் திரையில் விழுந்த சொட்டெல்லாம் விரல் என்று நினைத்து போன் தானாகவே ஜூம் போட்டது, மேப்பை நகர்த்தியது, ஒருமுறை வழியையே ரத்து செய்துவிட்டது. பிளாஸ்டிக் கவர் போட்டபின்தான் அடங்கியது. மைக்ரோ யுஎஸ்பி ஓட்டை அதிர்வில் தளர்ந்து சார்ஜ் விட்டு விட்டு ஏறியது, அடுத்த தடவை எல் வடிவ பின் வாங்க வேண்டும்.

புரியாத ஒன்று: நிற்கும்போது அம்பு தாறுமாறாகச் சுற்றுகிறது, ஓட்ட ஆரம்பித்ததும் சரியாகிவிடுகிறது. ஏன்?

இன்னொரு சம்பவம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. வால்பாறையிலிருந்து கிளம்பியதும் ஆப் என்னை ஒரு எஸ்டேட் ரோட்டுக்குள் விட்டுவிட்டது. வரைபடப்பித்தன் சொன்னது ஞாபகம் இருந்தும் மூன்று கிலோமீட்டர் மிச்சம் என்று காட்டியதால் சபலம். உள்ளே போனால் பூட்டிய கேட், ஒரு வாட்ச்மேன், அவருடைய நாய். திரும்ப வைத்துவிட்டார்.

உக்கடம் சர்வீஸ்:

பெட்ரோல் டேங்க் மேல் வைக்கிற பை, அதாவது டேங்க் பேக், காந்தம் வைத்ததா? அதுதான் திசைகாட்டியைக் குழப்பும். நிற்கும்போது போன் திசையைக் காந்த சென்சாரிடம் கேட்கிறது, ஓடும்போது நகர்கிற போக்கை வைத்தே தெரிந்துகொள்ளும். பேக்கைத் தள்ளி வைத்துவிட்டு, போனைக் கழற்றிக் காற்றில் 8 போடுவது மாதிரி நாலு தடவை சுழற்றுங்கள்.

வரைபடப்பித்தன்:

அந்த கேட் எங்கே என்று சரியாகச் சொல்லுங்கள் நண்பரே. கேட்டையும் ‘தனியார்’ என்பதையும் இன்று இரவே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் போட்டுவிடுகிறேன். ஆப்பின் அடுத்த மேப் அப்டேட்டில் வந்துவிடும், உங்களுக்குப் பின்னால் வருகிறவராவது தப்பிக்கட்டும்.

தாராபுரத்தான்:

காந்தம் வைத்த டேங்க் பேக்தான் அண்ணா, எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்களோ.

வரைபடப்பித்தன், கேட் முன்னால் நின்றபோதே அந்த இடத்தைப் புக்மார்க் போட்டு வைத்திருக்கிறேன், தனிச்செய்தியில் அனுப்புகிறேன். நாயைக் குறிக்க ஏதாவது வசதி இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.